உருளும் மலை

மலை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

டிவியின் அடியிலிருந்து கிளம்பியது. மெதுவாக மேலே ஏறியது. மேல் விளிம்பில் காணாமல் போனது. உடனே மறுபடியும் அடியிலிருந்து முளைத்தது. டிவி கலர் டிவிதான். மலை மட்டும் கறுப்பு வெள்ளை.

“ஏங்க, அண்ணாமலையாரு எங்கங்க போறாரு?” என்றாள் சரோஜா, மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டியபடி.

“அவர் எங்கும் செல்லவில்லை. இது தொழில்நுட்பக் கோளாறு. ஆவன செய்யப்படும்,” என்றார் அவள் கணவர் அப்பாதுரை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கோப்பில் எழுதுகிற தமிழிலேயே வீட்டிலும் பேசுவார். குழம்பில் உப்பு குறைந்தால்கூட, “மேற்படி குழம்பு மறுபரிசீலனைக்கு உரியது” என்பார்.

சென்ற ஆண்டு மகள் நந்தினி மஞ்சள் காமாலையில் படுத்தபோது, பன்னிரண்டு பௌர்ணமி வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாகச் சரோஜா வேண்டிக்கொண்டாள். நந்தினி எழுந்தாள். வேலூரில் வேலைக்குப் போனாள். தை மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமும் ஆனது. சரோஜா பதினொரு பௌர்ணமியை முடித்துவிட்டாள். பன்னிரண்டாவது இன்று. போன வாரம் மார்கழிக் கோலத்தில் பூசணிப் பூ வைக்கக் குனிந்தவள், சாணத்தில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள்.

“கடைசிச் சுத்து முடியாம பத்திரிகை அடிக்கக் கூடாதுங்க. நடுவுல வுட்டா திரும்ப ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும்,” என்று அவள் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி வீட்டிலிருந்து தினமும் போன் வந்தது. “பத்திரிகை அடிச்சாச்சுங்களா?” என்பார்கள். “இன்னும் இல்லீங்க” என்றதும் அந்தப் பக்கம் ஒரு மௌனம். அந்த மௌனம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வந்தது. நேற்றைய மௌனத்தில் சரோஜா அடுப்படிக்குத் தாங்கித் தாங்கிப் போய்ப் பாலை இறக்கிவிட்டே வந்துவிட்டாள்.

இதற்கு நேரான வழி ஒன்று இருக்கத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மணியம்மாள் அதை முதல் நாளே சொன்னாள்.

“இன்னா சரோஜா இதுக்குப் போயி அழுவற? வூட்டுக்காரரு நடந்தாலும் கணக்குதான். புருசன் காலு வேற, பொண்டாட்டி காலு வேறயா? வூட்டாண்டருந்து வெறுங்காலோட கெளம்பணும், ஒரு சுத்து சுத்தி வூட்டாண்ட வந்து சேரணும். அவ்ளோதான்.”

எல்லோரும் அப்பாதுரையைப் பார்த்தார்கள். அப்பாதுரை தம் முழங்காலைப் பார்த்தார்.

“மூட்டு ஒத்துழைக்க மறுக்கிறது,” என்றார்.

அலுவலகத்தின் இரண்டாவது மாடியிலிருந்து டீக்கடைக்கு ஒரு நாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறுவதற்கு அதே மூட்டு ஒத்துழைத்துக்கொண்டுதான் இருந்தது.

“நடக்காம எப்படிங்க?”

“சரோஜா, போன வருடம் மூன்று ஏரிகளைப் புகைப்படத்தில் பார்த்தே ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது’ என்று கையெழுத்திட்டேன். அந்த ஏரிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஏரிக்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்தும். கிரிவலப் பாதை முழுவதையும் வீடியோவில் நீ பார். சுற்றியதாகக் கருதப்படும்.”

“யாரு கருதுவாங்க?”

“கருதப்படும்,” என்றார் அப்பாதுரை. யார் என்று சொல்லாமல் இருப்பதுதான் அந்தச் சொல்லின் பலம்.

வீடியோவுக்குப் பஞ்சம் இல்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருந்த அவர்கள் வீட்டு மாடியில் டோரத்தி என்ற அமெரிக்க அம்மாள் குடியிருந்தாள். தெருவில் எல்லோரும் அவளைத் திரௌபதி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். கண்ணில் பட்டதை எல்லாம் கேமராவில் பிடிப்பாள். “கிரிவலம் முழுவதும் பதிவு செய்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்,” என்று சொல்லியும் இருந்தாள். இப்போது பாண்டிச்சேரி போயிருந்தாள்.

அப்பாதுரை மாற்றுச் சாவியோடு மாடி ஏறினார். கேசட்டுகளின் முதுகில் டோரத்தி எழுத்துக்குப் பதில் படம் வரைந்து வைத்திருந்தாள். மாடு, பூ, படகு. இரண்டு கேசட்டில் மலை. ஒன்றில் சின்ன மலை, ஒன்றில் பெரிய மலை. அப்பாதுரை பெரியதை எடுத்தார். சின்னதை எடுத்து அவருக்குப் பழக்கம் இல்லை.

அதைத் தம் வீட்டு வீடியோ டெக்கில் போட்டபோதுதான் மலை உருளத் தொடங்கியது.

கேசட் முடிவில் நின்றிருந்ததால், படத்தை ஓடவிட்டபடியே பின்னால் சுற்றினார். பார்க்க வந்திருந்த மணியம்மாள் அலறினாள்.

“அய்யய்யோ, நிறுத்துங்க! மலை எடப்பக்கமா போவுது! சுத்துன பதினோரு சுத்தையும் அவுக்கறீங்களே!”

அப்பாதுரை படத்தை நிறுத்தினார். கேபிள் டிவி மூர்த்தியைக் கூட்டிவந்தார்கள். படத்தை நிறுத்திவிட்டுச் சுற்றினால் பாவம் கிடையாது என்று மூர்த்தி தீர்ப்பளித்து, சுற்றிக் கொடுத்தான். பிறகு மலை உருளுவதை உட்கார்ந்து ரசித்தான்.

“அமெரிக்கா டேப்பு சார் இது. அவங்க கலர் வேற, கணக்கு வேற. செகண்டுக்கு அவங்க முப்பது படம் அனுப்பறாங்க. நம்ம டிவி இருபத்தஞ்சுதான் வாங்கும். மிச்சம் அஞ்சு படம் எங்க போவும்? அதான் உருளுது.”

“உச்சியில் வெள்ளையாகத் தெரிகிறதே?”

“டெக்குக்குள்ள ஹெட்டுல அழுக்கு.”

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தான். வெள்ளை போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தான். டெக்குக்குள் ஏதோ ‘க்ளிங்’ என்றது. அதன்பிறகு மலையும் போனது.

“கவலை வேண்டாம்,” என்றார் அப்பாதுரை. “அமெரிக்கக் கேசட்டுக்கு அமெரிக்க டெக்.”

மறுபடியும் மாடி ஏறி, டோரத்தியின் டெக்கைத் தூக்கிவந்து, சுவரில் சொருகி, சுவிட்சைப் போட்டார்.

‘டப்!’

டெக்கின் பின்புறத்திலிருந்து சாம்பிராணி போட்டது போல் புகை வந்தது. வீட்டு ஃப்யூஸும் போனது.

மூர்த்தி மூக்கைப் பிடித்துக்கொண்டான். “அவங்க ஊர் கரண்டு நம்மளதுல பாதிதான் சார். இதோட ஒரு இரும்புப் பெட்டி இருந்திருக்குமே, கரண்டைக் கம்மி பண்றதுக்கு?”

“இருந்தது. உட்காரும் முக்காலி என்று விட்டுவிட்டேன்.”

சரோஜா தாங்கித் தாங்கி எழுந்து வந்தாள். புகைந்த டெக்கின் மேல் ஒரு துண்டை எடுத்துப் போர்த்தினாள்.

ஃப்யூஸைப் போட்டுக்கொண்டே மூர்த்தி புது வழி சொன்னான். மலைக்குப் பின்பக்கம் ஆதி அண்ணாமலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி நடத்தும் இனியனிடம் எல்லா நாட்டு டேப்பும் ஓடுகிற டெக் இருக்கிறதாம். போன் போட்டார்கள். “தாராளமா வந்து எடுத்துக்கங்க” என்றான் இனியன்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சடையன் தலையைச் சொறிந்தார். “மலை ரோட்டுல இன்னைக்கு வண்டியே வுட மாட்டாங்க சார். நான் வேணா நடந்து போயி எடுத்தாரட்டா?”

“கூடாது. வெளிநாட்டுச் சாதனம். பொறுப்புள்ள அதிகாரி நேரில் சென்றுதான் பெற வேண்டும்.”

“மூட்டு?” என்றாள் சரோஜா.

“பணி நிமித்தம் என்றால் மூட்டு பார்க்க முடியாது,” என்று சொல்லிவிட்டு அப்பாதுரை தெருவில் இறங்கினார்.

மதியமே பௌர்ணமிக் கூட்டம் செங்கம் ரோட்டை நிறைத்திருந்தது. ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர்கள், தோளில் பிள்ளையோடு வந்தவர்கள். “ஒதுங்கவும்” என்றார் அப்பாதுரை. யாரும் ஒதுங்கவில்லை. வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் யாரோ பின்னாலிருந்து செருப்பை மிதித்தார்கள், வார் அறுந்தது. குனிந்து எடுக்கப் போனவரைக் கூட்டம் பத்தடி முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தார். செருப்பு இருந்த இடத்தில் ஆயிரம் கால்கள். இன்னொரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்தது. அதையும் உதறினார்.

“அண்ணாமலையாரே!” என்றார், முதல் கல் குத்தியபோது.

ஆதி அண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் பல கல் குத்திவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் அண்ணாமலையாரை அழைத்தார்.

இனியனின் டெக் ஒரு சின்ன சூட்கேஸ் அளவு இருந்தது. கூட்டத்தில் இடிபடக் கூடாதென்று மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டி, அவர் தலையில் ஏற்றிவைத்தான் இனியன்.

“ஆனா சார், எந்த நாட்டு டேப்புன்னு மாத்தறது ரிமோட்டுலதான் இருக்கு. ரிமோட்டைக் கோயில் பக்கம் வட ஒத்தவாடைத் தெருவுல கேசட் கடைக்காரர் வாங்கிட்டுப் போனாரு. போறப்ப அப்படியே வாங்கிக்கங்க.”

“அதை இங்கேயே வைத்திருக்க வேண்டாமா?”

“டெக்கே இங்கதானே சார் இருக்கு,” என்றான் இனியன். அப்பாதுரை மூட்டையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

தலையில் மஞ்சள் மூட்டை, வெறுங்கால், உதட்டில் இடைவிடாத “அண்ணாமலையாரே”. கூட்டம் இப்போது தானாகவே ஒதுங்கியது. ஓர் அம்மாள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட நடந்த ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார்:

“இன்னா வேண்டுதலுங்க?”

“ரிமோட் கிடைக்கணும்யா.” ஆதி அண்ணாமலை தாண்டியதும் கோப்புத் தமிழ் அவரைவிட்டு எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

பெரியவருக்கு அது எந்தக் கோயில் விஷயம் என்று புரியவில்லை. ஆனாலும், “கெடைக்கும், கெடைக்கும். வேண்டிக்கினு நடங்க,” என்றார்.

கிடைத்தது. வட ஒத்தவாடைத் தெருக் கடைக்காரர் ரிமோட்டை ஒரு மூலையிலிருந்து தட்டி எடுத்தார். பொத்தான்களின் மேல் எழுத்து எல்லாம் தேய்ந்து போயிருந்தது. “எதையாவது அமுக்குங்க சார், ஒண்ணு வேலை செய்யும்,” என்றவர், மூட்டையைப் பிரித்து டெக்கின் முதுகைப் பார்த்தார். “இந்தப் பின்னு நம்ம ஊர் டிவியில ஏறாதே. மாத்துப் பின்னு தேரடித் தெருவுல ரேடியோக் கடையில கேளுங்க.”

அப்பாதுரை மூட்டையைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டார். தேரடித் தெருவுக்கு நடந்தார். பின்னை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பக் கூட்டத்தோடு கலந்து, செங்கம் ரோட்டில் ஏறி, இருட்டுகிற நேரத்தில் வீட்டு வாசலில் வந்து விழுந்தார்.

“சீக்கிரம் மாட்டுடா மூர்த்தி,” என்றார். சொன்னது அவ்வளவுதான்.

வீட்டுக்குள் தெருவே உட்கார்ந்திருந்தது. வீட்டிலேயே கிரிவலம் என்ற செய்தி பரவியிருந்தது. மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வெறுமனே வேடிக்கைக்காரர்கள். மணியம்மாள் ஒரு குண்டான் சுண்டலோடு வந்திருந்தாள். எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள்.

டெக் ஓடியது. மலை வந்தது. இப்போதும் கறுப்பு வெள்ளை, இப்போதும் உருண்டது. ஆனால் மெதுவாக, மரியாதையாக உருண்டது. அப்பாதுரை ரிமோட்டில் சில பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார். ஒன்றில் சத்தம் போனது. ஒன்றில் மலை நடுங்கியது. கடைசியில் மூர்த்தி டிவியின் பின்னால் கையை விட்டு ஒரு திருகைப் பிடித்துக்கொண்டான். மலை நின்றது. அவன் தும்மியபோது மட்டும் ஒரு தடவை உருண்டது.

“அரோகரா!” என்றது கூடம்.

“பார்த்தாயா சரோஜா?” அப்பாதுரைக்குக் கோப்புத் தமிழ் திரும்பி வந்துகொண்டிருந்தது. “முயற்சி மேற்கொள்ளப்பட்டு, வெற்றி எய்தப்பட்டுள்ளது.”

“உச்சியில அந்த வெள்ளை இன்னும் போவலையே?” என்றாள் சரோஜா.

“தீபம்மா அது!” என்றாள் மணியம்மாள். “கார்த்திகையில புடிச்சிருப்பாங்க.” எல்லோரும் அந்த வெள்ளையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“வழியில லிங்கம் ஒண்ணையும் காணமே?” என்று ஒரு குரல் கேட்டது.

“கறுப்பு வெள்ளையில தெரியாது.”

“எல்லாரும் குல்லா போட்டுக்கினு நடக்கறாங்க?”

“மார்கழிக் குளிருக்குக் குல்லா போடாம?”

கார்த்திகைத் தீபத்தில் மார்கழிக் குளிர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. சரோஜா கைகூப்பியபடி பாதி மலையைச் சுற்றி முடித்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தது. அப்பாதுரை எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இந்த முறையை இனி மாவட்டம் முழுவதும் ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளலாம் என்று பேசத் தொடங்கினார்.

அப்போது டோரத்தி பையைத் தோளில் மாட்டியபடி உள்ளே வந்தாள். பௌர்ணமிக்காகவே ஒரு நாள் முன்னதாகத் திரும்பியிருந்தாள். கூடம் நிறைந்த கூட்டத்தைப் பார்த்தாள். மூலையில் துண்டு போர்த்தியிருந்ததைப் பார்த்தாள்.

“இது என்னுடைய டெக் அல்லவா? ஏன் போர்த்தியிருக்கிறீர்கள்?”

“ஓய்வு... அளிக்கப்பட்டுள்ளது,” என்றார் அப்பாதுரை.

டோரத்தி டிவியைப் பார்த்தாள். சிரித்தாள். “அடடா, கலர் இல்லாமல் பார்க்கிறீர்களே!” என்று அப்பாதுரையின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, ஒரே ஒரு பொத்தானை அமுக்கினாள்.

மலை நின்றது. மூர்த்தி கையை எடுத்தான், அப்போதும் நின்றது. கண்ணாடி போல் தெளிந்த படம். நீல வானம். ஊசி ஊசியாய்ப் பச்சை மரங்கள். சிவப்புக் கம்பளிக் குல்லாவில் ஒரு வெள்ளைக்காரன் நாயோடு நடந்தான். எல்லாவற்றுக்கும் மேலே, பளபளவென்று வெள்ளை.

காலையிலிருந்து செய்த எல்லா ரிப்பேரிலும் இது ஒன்றுதான் முழுசாகச் சரியானது.

“இது எங்கள் ஊர் மலை. அது என் தம்பி,” என்றாள் டோரத்தி. “ஆனால் நீங்கள் எல்லோரும் ஏன் இதைக் கும்பிடுகிறீர்கள்? அண்ணாமலை சின்ன மலைப் படம் போட்ட கேசட்டில் அல்லவா இருக்கிறது?”

“அப்ப உச்சியில எரியறது?” மணியம்மாளின் குரல் மெலிந்திருந்தது.

“எரியவில்லை அம்மா. உறைந்திருக்கிறது. பனி.”

மணியம்மாள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மூர்த்தி, காலையில் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த தன் விரலைப் பார்த்தான். அப்பாதுரை உட்கார்ந்துவிட்டார்.

“அந்தச் சின்ன மலைக் கேசட்டைப் போட்டுடலாம்,” என்றார் தரையைப் பார்த்து.

“வேணாங்க,” என்றாள் சரோஜா. குரல் உயரவில்லை. “அண்ணாமலையாரை ஊட்டாண்ட வெச்சிக்கினு, எங்கியோ இருக்கற மலையை இத்தினி பேரைக் கூட்டிக் கும்பிட வெச்சிட்டோம். இனிமே எந்தக் கேசட்டும் வேணாம். கட்டு பிரிச்சதும் நான் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கறேன்.”

“கல்யாணம்?”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எந்த வீட்டுப் போன் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சடையன் டிவியைப் பார்க்கவில்லை. அப்பாதுரையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதமும் வீங்கி, விரலிடுக்கில் செம்மண் அப்பியிருந்தது.

“சார், செருப்பு எங்க?”

“போய்த் தொலைஞ்சுது. கெளம்பினதுமே அறுந்துடுச்சு.” அப்பாதுரை எரிந்து விழுந்தார். “இப்ப அதுவாய்யா முக்கியம்?”

“இங்கிருந்து ஆதி அண்ணாமலைக்குத்தானே போனீங்க?”

“ஆமா.”

“அங்கிருந்து?”

“வட ஒத்தவாடைத் தெரு. ரிமோட்டுக்கு.”

“அப்புறம்?”

“தேரடி. பின்னு வாங்க. உசுர வாங்காதய்யா!”

சடையன் எழுந்தார். காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டார். போட்ட விரல் கடைசியில் அப்பாதுரையின் காலடியில் வந்து நின்றது.

“அம்மா, அந்தப் போனை எடுத்துப் பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க, சார் வெறுங்காலோட ஒரு சுத்து முடிச்சிட்டுத்தான் வந்து குந்தியிருக்காரு!”